டார்பிஷரின் லண்டன் நடைச் சுற்று: ஒரு பிளம்பரின் மதிப்புரை

தாராளமாகப் போகலாம். ஆனால் முகப்பைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் பின்பக்கச் சுவரையும் மாடிப்படியையும் பாருங்கள். ஹென்றி ஆஸ்ட்லி டார்பிஷர் என்ற கட்டடக் கலைஞர் எப்படிப்பட்ட ஆள் என்பது அங்கேதான் தெரியும். இந்தச் சுற்றை நடத்துபவர் முகப்புக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது அதற்குக் கொடுத்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். இப்போதைக்கு மூன்றரை.

லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் அரை நாள் சுற்று இது. விக்டோரியா காலத்தில் தொழிலாளர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிய இவர் ஒருவரின் வேலையை மட்டும் பின்தொடர்ந்து போகிறது. ஆளுக்கு 20 பவுண்டு, பஸ் கட்டணம் தனி. நடத்துபவர் தனி ஆள், கட்டட வரலாறு படித்தவர். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை. நான் பிளம்பர். பழைய குடியிருப்புகளில்தான் எனக்குப் பெரும்பாலும் வேலை. என்னோடு வந்தவர் இதே தொழில் செய்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். ஆக, எங்கள் இருவர் கண்ணும் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தொடங்குவது லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டும் ஃபோல்கேட் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனை. பீபாடி அறக்கட்டளையின் முதல் கட்டடம் அங்கே நிற்கிறது, 1864-ல் திறந்தது. ஜார்ஜ் பீபாடி அமெரிக்கர், லண்டனில் வங்கித் தொழில் செய்து பெரும் பணம் சேர்த்தவர். 1862-ல் லண்டன் ஏழைகளுக்கென்று 1,50,000 பவுண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு அடுத்தடுத்துக் கொடுத்ததில் மொத்தம் 5,00,000 பவுண்டு ஆனது. அந்தப் பணத்தில் என்ன கட்டுவது என்று வந்தபோது அறக்கட்டளை பிடித்த ஆள்தான் டார்பிஷர். 1825-ல் பிறந்தவர், அப்போது நாற்பதை எட்டவில்லை. அதற்குப் பிறகு 1885 வரை அவர்களுக்கு அவர்தான் வரைந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வாடிக்கையாளர், ஒரே வகைக் கட்டடம்!

இந்த முதல் கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 22,000 பவுண்டு. தரைத் தளத்தில் கடைகள், மேலே 57 வீடுகள், உச்சி மாடியில் துவைக்கவும் குளிக்கவும் இடம். கழிப்பறைகள் வீட்டுக்குள் கிடையாது. மாடிப்படி ஓரமாக இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தார். இரண்டு குடும்பத்துக்கு ஒன்று. வழிகாட்டி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, செங்கல் வேலைப்பாட்டுக்குப் போய்விட்டார். அறக்கட்டளை இந்தக் கட்டடத்தை 1970-களின் பிற்பகுதியில் விற்றுவிட்டது, இப்போது தனியார் ஃபிளாட்டுகள். இன்று அங்கே வீடு வாங்குபவர் நிச்சயம் கூலித் தொழிலாளி இல்லை. வழிகாட்டி இதைச் சொன்னபோது குழுவில் எல்லோரும் ஒருமுறை சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா அது, தெரியவில்லை.

அடுத்து வடக்கே நடந்து கொலம்பியா ரோடு. சுற்றிலேயே அதிக நேரம் இங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். கதை அப்படி. இந்த இடத்துக்கு முன்பு நோவா ஸ்கோஷியா கார்டன்ஸ் என்று பெயர். பேர்தான் தோட்டம். ஆள் கொன்று உடலை மருத்துவப் பள்ளிகளுக்கு விற்றதற்காக 1831-ல் தூக்கிலிடப்பட்ட பிஷப், வில்லியம்ஸ் என்ற இருவரும் குடியிருந்தது இங்கேதான். பிறகு மலைபோலக் குப்பை குவிந்து கிடந்தது. ஆஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற பெரும் பணக்காரப் பெண்மணி இதை வாங்கினார். சிறு சிறு வீடுகளாகக் கட்டாமல் அடுக்குமாடியாகக் கட்டுங்கள், அப்போதுதான் தண்ணீரும் வடிகாலும் காஸும் ஒழுங்காகக் கொடுக்க முடியும் என்று அவருக்கு யோசனை சொன்னவர் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ். இதைக் கேட்டதும் அண்ணன் என் தோளைத் தட்டினார். "பாருடா தம்பி, கதை எழுதுறவருக்கு இருந்த வடிகால் அறிவு நாம பார்த்த சில இன்ஜினியர்களுக்கு இல்ல." பக்கத்தில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அங்கே டார்பிஷர் கட்டியது கொலம்பியா ஸ்கொயர். நடுவில் திறந்தவெளி, அதைச் சுற்றி நான்கு கட்டடங்கள். 1860-களின் தொடக்கத்தில் முடிந்தது. பீபாடி வேலை கைக்கு வருமுன் இந்த வகைக் கட்டடத்தில் அவர் காட்டிய கைவரிசை இது. அதே பெண்மணிக்காகப் பக்கத்திலேயே கொலம்பியா மார்க்கெட்டும் கட்டினார். 1869-ல் திறந்த அது ஒரு கோதிக் தேவாலயத்தைத் தூக்கி வந்து சந்தை என்று பெயர் வைத்தது போல இருந்ததாம். செலவு சுமார் 2,00,000 பவுண்டு. முதல் பீபாடி கட்டடம் போல ஒன்பது கட்டியிருக்கலாம்! அவ்வளவு கொட்டியும் வியாபாரம் நடக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விற்பனை கூடாது என்று கட்டுப்பாடு வேறு. தெருவில் தள்ளுவண்டியில் விற்றுப் பழகியவர்கள் அந்தக் கோபுரத்துக்குக் கீழே வர மறுத்தார்கள். பழைய சந்தைக்காரர்களின் எதிர்ப்பும் சேர்ந்தது. 1886-ல் மூடிவிட்டார்கள். 1950-களின் கடைசியில் மார்க்கெட்டும், 1960 வாக்கில் குடியிருப்பும் இடிபட்டன.

இப்போது அந்தத் தெருவில் நடப்பது ஞாயிற்றுக்கிழமைப் பூச்சந்தை. எந்த நாளில் விற்கக் கூடாது என்று அந்த அம்மா சொன்னாரோ அதே நாளில் இப்போது கூட்டம் நெரிகிறது. சுற்றின் முதல் பெரிய குறையும் அதுதான். ஞாயிறு காலை அங்கே கால் வைக்க இடம் கிடையாது. பூக்காரர்கள் போடும் சத்தத்தில் வழிகாட்டி சொன்னதில் பாதி காதில் விழவில்லை. காதில் மாட்டும் கருவி எதுவும் தரவில்லை. பின்னால் நின்ற நான்கைந்து பேர் கடைசியில் செடி வாங்கப் போய்விட்டார்கள். இதைச் சனிக்கிழமையில் வைத்தால் தீர்ந்தது. மார்க்கெட்டின் மிச்சம் என்று பார்க்க இருப்பது அங்கே ஒரு குழந்தைகள் பள்ளியின் முன்னால் நிற்கும் இரும்பு வேலியில் கொஞ்சம்தான். அதைக் கூட்டத்துக்கு நடுவே ஓடிப்போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் பஸ் பிடித்து இஸ்லிங்டன். எசெக்ஸ் ரோட்டிலிருந்து திரும்பினால் கிரீன்மன் ஸ்ட்ரீட். இங்கேதான் எனக்குச் சுற்று உண்மையில் தொடங்கியது. 1865-ல் அறக்கட்டளைக்காக டார்பிஷர் இரண்டாவதாகக் கட்டியது. முதல் கட்டடம் தெருவைப் பார்த்து நிற்கும். இது தெருவுக்கு முதுகைக் காட்டும். நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஐந்து மாடிக் கட்டடங்கள். பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே ஓடாமல் முற்றத்தில் விளையாடலாம். எல்லாப் பக்கமிருந்தும் காற்று வரும். இந்த அமைப்பு கைக்கு வந்ததும் டார்பிஷர் அதை விடவே இல்லை. ஷாட்வெல், செல்சி, பிளாக்ஃபிரையர்ஸ், பிம்லிகோ என்று நகரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கட்டினார்.

ஒரு லேண்டிங்கை, அதாவது ஒவ்வொரு மாடியிலும் படி வந்து சேரும் பொது இடத்தை, எடுத்துக்கொண்டு அதன் வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் சுற்றில் இதை யாரும் விளக்கவில்லை. மாடிப்படி ஏறி வந்தால் ஒரு நடைவழி. அதன் இரு பக்கமும் வீட்டுக் கதவுகள். ஒரு வீடு என்றால் ஒரு அறையோ, இரண்டோ, மூன்றோ. உள்ளே அடுப்பு உண்டு, தண்ணீர்க் குழாய் கிடையாது. குழாயும் சிங்கும் கழிப்பறையும் வெளியே, லேண்டிங்கில், வெளிச்சுவரை ஒட்டி. ஒவ்வொரு மாடியிலும் அதே இடத்தில். அதாவது ஐந்து மாடிக்கும் கழிவுநீர் ஒரே நேர்கோட்டில் இறங்குகிறது. வளைவு குறைவு, இணைப்பு குறைவு. எங்கே அடைத்தாலும் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் போய் எடுத்துவிடலாம். துவைப்பது உச்சி மாடியில் என்பதால் ஈரத் துணி அறைக்குள் தொங்காது. குப்பையை மேலிருந்தே தள்ளிவிடச் சுவருக்குள் ஒரு குழி. பராமரிப்பு வேலை செய்கிற ஒருவனிடம் கொடுத்து வரையச் சொன்னால் இப்படித்தான் வரைவான்.

வழிகாட்டி இதைக் கஞ்சத்தனம் என்றார். ஏழைகள்தானே, பொதுவில் போகட்டும் என்று வைத்துவிட்டார்களாம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. செலவு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 1860-களின் லண்டனில் கழிப்பறையை வீட்டுக்குள் வைப்பது அவ்வளவு நல்ல யோசனையும் இல்லை. ஊரின் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களை பேசல்ஜெட் என்ற இன்ஜினியர் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருந்த ஈயக் குழாய்களும் டிராப்களும் (நாற்றம் மேலே வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவுகள்) பல இடங்களில் படுமோசம். காற்றுப் போக்கு வைக்காத குழாயில் மேலே ஒருவர் தண்ணீர் ஊற்றினால் கீழே டிராப்பில் நிற்கும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் கால்வாய் நாற்றம் நேராகப் படுக்கையறைக்கு. இளவரசர் எட்வர்டு 1871-ல் டைஃபாய்டு வந்து சாகக் கிடந்ததற்கே, அவர் தங்கிய மாளிகையின் வடிகாலைத்தான் குற்றம் சொன்னார்கள். மாளிகையில் அந்த நிலைமை என்றால், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் கழிப்பறையைக் கதவுக்கு வெளியே, ஜன்னல் பக்கம் வைத்தவன் முட்டாள் இல்லை.

இதை வழிகாட்டியிடமே கேட்டேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "ஹென்றி ராபர்ட்ஸ் அதற்கு முன்பே உள்ளே வைத்தாரே" என்றார். சரியான பதில்தான். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ரீதம் ஸ்ட்ரீட்டில் ராபர்ட்ஸ் 1850-லேயே ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பைக் கட்டி முடித்துவிட்டார். வீட்டுக்கு வீடு தனிக் கழிப்பறை, தனி சிங்க், முற்றத்தைப் பார்த்த திறந்த நடைவழி. 1863-லிருந்து சிட்னி வாட்டர்லோவின் கம்பெனியும் அப்படித்தான் கட்டியது, அதுவும் பங்குதாரர்களுக்கு 5 சதவீதம் லாபம் கொடுத்துக்கொண்டே. ஆனால் அந்த வீடுகளுக்கு வாடகை கூட. கைத்தொழில் தெரிந்து நிலையாகச் சம்பாதிப்பவனுக்குத்தான் கட்டுப்படியாகும். பீபாடி வீட்டில் ஒரு அறை வாரம் 2 ஷில்லிங் 6 பென்ஸ், மூன்று அறை 5 ஷில்லிங். அந்தக் கணக்குக்குள் நிற்கத்தான் டார்பிஷர் குழாயை வெளியே தள்ளினார்.

ஆக 1864-ல் அவர் செய்தது எனக்குப் புரிகிறது. 1882-ல் செய்ததுதான் புரியவில்லை. சுற்றின் கடைசி நிறுத்தம் டிரூரி லேனை ஒட்டிய வைல்ட் ஸ்ட்ரீட் குடியிருப்பு, 1880-களின் தொடக்கத்தில் கட்டியது. 1875-ல் ஒரு சட்டம் வந்தது. சேரிகளை இடித்து நிலத்தைக் குறைந்த விலைக்குக் குடியிருப்பு கட்டுபவர்களிடம் கொடுக்கலாம் என்றது அது. அதில் பீபாடிக்கு நிறைய நிலம் கிடைத்தது. உயரம் கூடியது, நெருக்கம் கூடியது, அலங்காரம் இன்னும் குறைந்தது. ஆனால் லேண்டிங் மட்டும் அப்படியே! அதற்குள் காற்றுப் போக்குக் குழாய் வைக்கும் முறை பரவிவிட்டது, ஒரே துண்டாகச் செய்த பீங்கான் கழிப்பறைகளும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. உள்ளே வைத்தால் நோய் வரும் என்ற வாதம் செத்துப்போன பிறகும் டார்பிஷர் பழைய வரைபடத்தை விடவில்லை. கையில் பழகிய வேலையை மாற்ற மனம் வராதவர்களை எங்கள் தொழிலிலும் பார்த்திருக்கிறேன். வேலை சுத்தமாக இருக்கும், அதனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அறக்கட்டளையும் கேட்கவில்லை போல. 1882-ல் சுமார் 3,500 வீடுகள், 14,600-க்கும் அதிகமான மக்கள் என்று வளர்ந்து நிற்கும்போது அந்த வரைபடத்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

இந்த இடத்தில் வழிகாட்டி குடியிருப்பு விதிகளை வாசித்தார். சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாரவாடகை முன்பணம், பாக்கி வைக்கக் கூடாது. அம்மை குத்திக்கொள்ளாதவர்களுக்கு வீடு இல்லை. நடைவழி, படி, கழிப்பறை எல்லாவற்றையும் தினமும் காலை 10 மணிக்குள் பெருக்க வேண்டும், சனிக்கிழமை கழுவ வேண்டும், முறை வைத்து. சுவரில் காகிதம் ஒட்டக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. நாய் கூடாது. வெளியார் துணி வாங்கித் துவைக்கக் கூடாது. இரவு 11 மணிக்கு காஸை நிறுத்தி வெளிக்கதவைச் சாத்திவிடுவார்கள்.

வாசித்துவிட்டு எல்லோரையும் பார்த்தார், நாங்கள் அதிர்ச்சி அடைய வேண்டும் என்பதுபோல. அண்ணன் அசரவில்லை. "ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னவன் எனக்குத் தெய்வம்" என்றார். குழாய் ஓடும் சுவரில் ஆணி அடித்து வீட்டில் வெள்ளம் வந்த கதைகள் அவரிடம் நிறைய. காகிதம் ஒட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அதன் பின்னால்தான் மூட்டைப்பூச்சி குடியேறும். டார்பிஷர் உள்சுவருக்குப் பூச்சே பூசாமல் செங்கலாக விட்டதும் அதற்காகத்தான், கழுவலாம், வெள்ளையடிக்கலாம். ஆனால் வேலை முடிந்து வந்து அந்தச் செங்கலையே பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டிய மனைவிக்கும் கணவனுக்கும் எப்படி இருந்திருக்கும்? ராணுவக் கொட்டடி மாதிரி இருக்கிறது என்று அன்றே பலர் திட்டியிருக்கிறார்கள். துணி துவைத்துக் கொடுத்துப் பிழைத்த விதவைக்கு அந்த ஒரு விதி போதும், வேறு இடம் தேட. சேரியை இடித்தபோது வெளியேறிய பரம ஏழைகளில் பெரும்பாலோர் புதுக் கட்டடத்துக்குத் திரும்பி வரவில்லை. வேலை நிச்சயமில்லாதவன் முன்பணம் எங்கிருந்து கொடுப்பான்? இந்தப் பகுதியை வழிகாட்டி நன்றாகச் சொன்னார், அவசரப்படாமல் சொன்னார்.

அடுத்த குறை. வைல்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து ஸ்ட்ரீதம் ஸ்ட்ரீட் பத்து, பதினைந்து நிமிட நடைதான். ராபர்ட்ஸின் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அவரைப் பதிலாகச் சொன்னவர் அங்கே கூட்டிப் போகவில்லை. "நேரம் இருப்பவர்கள் போய்ப் பாருங்கள்" என்றதோடு சரி. நானும் அண்ணனும் போனோம். நடைவழியையும் வீட்டு வாசல்களையும் தெருவிலிருந்து பார்க்கும் அளவுக்குப் பார்த்தோம். டார்பிஷருக்கு என்ன வழி திறந்திருந்தது, அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பது அங்கே நின்றால்தான் விளங்குகிறது. அதைச் சேர்க்காமல் இந்தச் சுற்று முழுமை இல்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று, அது தூரம் என்பதால் மன்னிக்கலாம். விக்டோரியா பார்க்கில் டார்பிஷர் 1862-ல் அதே பர்டெட்-கூட்ஸ் அம்மாவுக்காகக் கட்டிய குடிநீர் ஊற்று. இளஞ்சிவப்புக் கிரானைட் தூண்கள், மேலே கூரை, சுற்றிலும் பளிங்குக் குழந்தைச் சிலைகள். தண்ணீர் குடிக்க ஒரு குவளை போதும் என்ற இடத்தில் இவ்வளவு கோலாகலம். நான் வேறொரு நாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். பணக்காரர் காசு கொடுத்தால் இந்த ஆள் எப்படி விளையாடுவார் என்பது அங்கே தெரியும். ஹைகேட்டில் உள்ள ஹாலி வில்லேஜும் அந்த வகை, 1865. கூம்புக் கூரையும் செதுக்கு வேலையுமாகச் சின்னச் சின்ன வீடுகள். கிரீன்மன் ஸ்ட்ரீட் முடிந்ததும் அதே வருடம் என்று நினைத்துப் பார்த்தால் அலங்காரம் தெரியாமல் விட்டவர் இல்லை என்பது புரியும்.

நடைமுறை விஷயங்கள்: குடியிருப்புகளில் ஆட்கள் வாழ்கிறார்கள், முற்றத்துக்குள் நுழைய வழி இல்லாத இடங்களில் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். உட்புறம் எதையும் காட்டுவதில்லை. பழைய லேண்டிங் அமைப்பெல்லாம் பின்னாளில் மாற்றிவிட்டார்கள். பின்சுவரில் ஏறும் குழாய்களைப் பார்த்தால் எது அசல் அமைப்பு, எது ஒட்டுப்போட்டது என்று ஊகிக்கலாம். வழிகாட்டி பழைய தளவரைபடம் ஒன்றை உறை போட்டுக் கையோடு கொண்டு வருகிறார், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தானாக நீட்ட மாட்டார். வழியில் கழிப்பறை இல்லை. கொலம்பியா ரோட்டில் ஏதாவது காபிக் கடையில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் இருக்கும்.

முடிந்த பிறகு ஸ்ட்ரீதம் ஸ்ட்ரீட்டைச் சேர்க்கச் சொல்லியும் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லியும் அவருக்கு எழுதினேன். முதலாவதற்குச் சம்மதம், கொலம்பியா ரோட்டில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. சனிக்கிழமை மட்டும் முடியாதாம், பூச்சந்தைக்காக வருபவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்.